கொள்ளிடத்தில் மீனுக்கும் ஒரு வழி விடுங்கள்

தமிழ்நாடு அரசின் நீர்வளத் துறைப் பொறியாளர்களுக்கும், மீன்வளம் மற்றும் மீனவர் நலத் துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

கொள்ளிடத்தின் குறுக்கே இருக்கிற தடுப்புகளைச் சீரமைக்கும்போதும், இனிமேல் புதிதாக ஒன்றைக் கட்டும்போதும், மீன் ஏறி இறங்குவதற்கான வழியையும் வரைபடத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதற்காக இதை எழுதுகிறேன். அணையை இடிக்கச் சொல்லவில்லை. பாசனத் தண்ணீரில் கை வைக்கவும் சொல்லவில்லை. நான் டெல்டாவில் பிறந்து வளர்ந்தவன், பல ஆண்டுகள் விலங்கியல் பாடம் நடத்தியவன். அணைக்கரையில் உள்ள கீழணை இல்லாவிட்டால் வீராணம் ஏரிக்குத் தண்ணீர் இல்லை, வீராணம் இல்லாவிட்டால் காட்டுமன்னார்கோவில் பக்கத்து வயல்கள் காயும், சென்னையின் குடிநீரும் குறையும் என்பது நன்றாகவே தெரியும்.

அணையையும் மீனையும் பற்றிப் பேச்செடுத்தால் வழக்கமாக ஒரு பதில் வரும். அணையால் ஆற்று மீன் குறைந்திருக்கலாம், அதற்கு ஈடாகத்தான் நீர்த்தேக்கத்தில் வருடா வருடம் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விடுகிறோமே என்பார்கள். அந்தக் குஞ்சுகளால் பல குடும்பங்கள் பிழைக்கின்றன, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஈடு என்கிறார்களே, அந்த இடத்தில்தான் கணக்கு இடிக்கிறது. ஒரு மீனின் எடை என்பது அது எங்கேயோ தின்ற இரை. நீர்த்தேக்கத்து கட்லா அந்த நீர்த்தேக்கத்தின் இரையைத் தின்று அங்கேயே வளர்கிறது. கடலில் மேய்ந்துவிட்டு ஆற்றுக்குள் ஏறி வரும் மீன், கடலின் இரையைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டு நம் ஊருக்கு வருகிறது. முதலாவதைப் பெருக்குவதால் இரண்டாவது திரும்பி வராது. இரண்டும் ஒரே தராசில் கிலோவாகத் தெரிவதால் இந்த வித்தியாசம் யார் கண்ணிலும் படுவதில்லை.

கொள்ளிடத்துக்கு அப்படி வந்துகொண்டிருந்த மீன் உல்லம். வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடுகிற, கடைக்காரர்கள் ஹில்சா என்று விற்கிற அதே மீன்தான். மத்தியின் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் மத்தியைவிடப் பல மடங்கு பெரியது. இதன் செவுள் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். சிவந்த செவுள் இழைகளுக்கு எதிர்ப்புறத்தில், செவுள் வளைவின் உள்விளிம்பில், சீப்பின் பற்களைப் போல நூற்றுக்கும் மேற்பட்ட மெல்லிய முட்கள் வரிசையாக நிற்கும். வாயில் சொல்லிக்கொள்ளும்படி பல்லே கிடையாது, கடித்துத் தின்கிற வேலையும் கிடையாது. வாயைத் திறந்துகொண்டு நீந்தினால் தண்ணீர் அந்த முட்களின் இடைவெளி வழியாக வெளியே போய்விடும், அதிலிருந்த நுண்பாசியும் கண்ணுக்குத் தெரியாத சிறு கூனி வகைகளும் உள்ளே தங்கிவிடும். இவ்வளவு பொடி இரையைத் தின்று ஒரு மீன் கிலோக் கணக்கில் வளர வேண்டுமென்றால் அந்த இரை அள்ள அள்ளக் குறையாமல் கிடைக்க வேண்டும். ஆறு கொண்டுவந்து கொட்டும் சத்தோடு கடல் கலக்கிற கழிமுகமும் அதை ஒட்டிய கரையோரக் கடலும்தான் அப்படிப்பட்ட இடம்.

அங்கே மேய்ந்து கொழுத்த மீன், தென்மேற்குப் பருவமழையில் ஆறு பெருகும்போது முட்டையிட உள்ளே ஏறுகிறது. ஏறும்போது இரை எடுப்பது குறைந்துவிடும். ஓட்டத்தை எதிர்த்து நீந்துவதற்கான தெம்பு, வயிற்றில் முற்றுகிற முட்டை எல்லாமே கடலில் சேர்த்து வைத்த கொழுப்பிலிருந்துதான் வர வேண்டும். பெரிய தாய் மீன் ஒன்று 10 லட்சத்துக்கும் மேல் முட்டையிடும், சிறியது ஒரு லட்சத்தோடு நின்றுவிடும். முட்டை பொரித்ததும் குஞ்சு நன்னீரில் நுண்ணுயிரிகளைத் தின்று சில மாதம் வளர்கிறது. ஒரு சாண் நீளம்கூட எட்டாத வயதில் கூட்டம் கூட்டமாகக் கழிமுகத்துக்கு இறங்கி, அங்கிருந்து கடலுக்குப் போய்விடுகிறது. நாற்றங்கால் ஆற்றில், வளர்ச்சி கடலில். நடுவில் ஒரு சுவர் வந்தால் இரண்டில் எது எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை.

அந்தச் சுவர் கொள்ளிடத்தில் 1836இல் வந்தது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையையும் அணைக்கரையில் கீழணையையும் அந்த ஆண்டுகளில்தான் எழுப்பினார். தஞ்சை வயல்களை அவை வாழ வைத்தன, அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் மீன் விஷயத்தில் என்ன ஆகும் என்பது ஆங்கிலேயர் காலத்திலேயே தெரிந்துவிட்டது. இந்திய நன்னீர் மீன்வளத்தைப் பற்றி 1873இல் அறிக்கை கொடுத்த பிரான்சிஸ் டே, தென்னிந்திய ஆறுகளின் அணைக்கட்டுகள் உல்லத்தின் பாதையை அடைப்பதையும், அணைக்குக் கீழே முட்டி நிற்கிற மீன் எளிதாகப் பிடிபட்டு அழிவதையும் எடுத்துச் சொன்னார். 1909இல் சென்னை மாகாணத்தின் மீன் வளர்ப்பு நிபுணர் எச். சி. வில்சன் கொள்ளிடத்தில் உல்லத்தின் முட்டையைச் செயற்கையாகக் கருவுறச் செய்து பார்த்தார். இந்த மீனில் இப்படி ஒரு முயற்சி நடந்தது அதுவே முதல் தடவை. இன்று வங்காளத்திலும் வங்கதேசத்திலும் எவ்வளவோ பேர் செய்கிற ஆராய்ச்சி நம் ஆற்றங்கரையில் தொடங்கியது என்பது நம் மீன்வளத் துறையில் எத்தனை பேருக்கு நினைவிருக்கும் என்று எண்ணும்போது வருத்தமாக இருக்கிறது.

அப்புறம் 1934இல் மேட்டூர் அணை வந்தது. 93.47 டிஎம்சி தேக்குகிற அணை. கொள்ளிடம் வெள்ளத்தை வடிக்கிற ஆறு. காவிரியில் மிஞ்சினால்தான் அதில் தண்ணீர். ஆடியில் வரும் புதுவெள்ளத்தை மேட்டூர் தனக்குள் வாங்கிக்கொள்ளத் தொடங்கியதும், உல்லத்தை ஆற்றுக்குள் அழைக்கிற அந்த வெள்ளம் பல ஆண்டுகளில் கழிமுகம்வரை வராமலே போனது. சென்னை மாகாண மீன்வளத் துறையின் தலைமையில் இருந்த சுந்தரராஜ், மேட்டூர் அணை மீன்வளத்துக்குச் செய்ததை 1941இலேயே ஆய்வுக் கட்டுரையாக எழுதி, இந்தியாவின் மற்ற அணைகள் இதிலிருந்து பாடம் கற்க வேண்டும் என்றார். அவரும் உங்கள் துறைக்காரர்தான். அதனால்தான் நான் புதிதாக எதையும் கேட்கவில்லை என்கிறேன்.

சரி, பாதை அடைபட்டால் மீன் ஆற்றுக்குள்ளேயே தங்கி வாழப் பழகிக்கொள்ளாதா? மாணவர்கள் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்பார்கள், நல்ல கேள்வி. சில இடங்களில் பழகிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த மீனுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் வடகிழக்கில் கனெடிகட் மாநிலத்தில், உல்லத்தின் உறவு முறையான ஏல்வைஃப் என்றொரு மீன் உண்டு. இதுவும் மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்கிற மீன், இதுவும் கடலில் வளர்ந்து நன்னீர் ஏரிகளுக்கு முட்டையிட வரும். ஐரோப்பியர் அங்கே குடியேறிய காலத்தில் ஆலைகளுக்காக ஓடைகளில் சின்னச் சின்ன அணைகளைக் கட்டினார்கள். பல ஏரிகளில் மீன் உள்ளேயே மாட்டிக்கொண்டு, சில நூறு ஆண்டுகளாகக் கடலைப் பார்க்காமலே பெருகியது. இன்று பிரைட் ஏரி போன்ற, கடல்வழி திறந்திருக்கிற ஏரிகளுக்கு வரும் ஏல்வைஃப் ஒரு அடியை நெருங்கும் நீளம். மாட்டிக்கொண்ட ஏரிகளில் இருப்பது அதில் ஏறத்தாழ பாதி. வாயின் அகலம் சுருங்கிவிட்டது. செவுள் முட்களின் இடைவெளியும் குறுகிவிட்டது.

ஏன் என்றால், காரணம் சாப்பாட்டில் இருக்கிறது. கடலுக்குப் போகிற வகையில், குஞ்சுகள் கோடையில் ஏரியின் பெரிய மிதவை உயிரிகளை எல்லாம் தின்று தீர்த்துவிட்டு இலையுதிர் காலத்தில் கிளம்பிவிடும். ஏரிக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும், அடுத்த வசந்தத்துக்குள் பெரிய உயிரிகள் மறுபடி பெருகிவிடும். மாட்டிக்கொண்ட மீனோ வருடம் முழுக்க அங்கேயே மேய்கிறது. பெரிய இரை தலையெடுக்கவே முடியாது, பொடி உயிரிகள் மட்டும் மிஞ்சும். பொடியைத் தின்கிற மீனுக்குச் சிறிய வாயும் நெருக்கமான முட்களும்தான் உதவும், தலைமுறை தலைமுறையாக அப்படிப்பட்டவையே தங்கின. ஆக, ஒரு சிறு தடுப்பு ஏரியையும் மாற்றிவிட்டது, மீனின் உடலையும் மாற்றிவிட்டது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல ஏரிகளில் தனித்தனியாக இதே மாற்றம் நடந்திருக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் வியப்பாக இருப்பது.

மற்ற மீன்களிலும் இதே சங்கதிதான். பசிபிக் கரையின் சாக்கை சால்மன் கடலுக்குப் போய் வந்தால் இரண்டு மூன்று கிலோ. ஏரியிலேயே தங்குகிற அதன் வகையான கோகனி பெரும்பாலும் அரைக் கிலோவைத் தாண்டாது. ஐரோப்பாவின் பழுப்பு டிரவுட்டில் ஒரே தாயின் பிள்ளைகளில் சில ஓடையில் தங்கும், சில கடலுக்குப் போகும். போகிறவற்றில் பெண்கள் அதிகம். உடம்பு பெரிதானால்தான் முட்டை அதிகம் என்பதால் பெண்ணுக்குக் கடல் ஆபத்தைத் தாங்குவதில் லாபம் இருக்கிறது. நம் நீலகிரியின் அவலாஞ்சியில் உங்கள் துறையே பராமரிக்கிற வானவில் டிரவுட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதன் பூர்வீக ஆறுகளில் கடலுக்குப் போகும் கூட்டம் ஒன்று உண்டு, அது 5 கிலோவுக்கு மேலும் வளரும். ஓடையிலேயே பூச்சிப் புழுக்களைத் தின்று தங்குவது கையளவிலேயே நின்றுவிடலாம். அவலாஞ்சிப் பொரிப்பகத்தை 1907இல் தொடங்கியவரும் வில்சன்தான். அவர் கொண்டுவந்த வெளிநாட்டு மீனுக்கு 100 ஆண்டுக்கு மேலாக நாம் இடம் கொடுத்து வளர்க்கிறோம். அவர் காப்பாற்ற முயன்ற நம் ஆற்று மீனை மறந்துவிட்டோம்.

ஏல்வைஃபுக்காவது தங்க ஆழமான ஏரி இருந்தது. கொள்ளிடத்தில் என்ன இருக்கிறது? கோடையில் மணலும் நடுநடுவே கணுக்கால் அளவுக் குட்டைகளும். மேட்டூர் நீர்த்தேக்கம் போய்ச் சேர முடியாத தூரத்தில் இருக்கிறது. ஆகவே உல்லம் இங்கேயே தங்கி வாழப் பழகிக்கொள்ளும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. குளத்தில் வளர்த்துப் பார்க்கிற முயற்சிகள் வங்காளத்தில் நடக்கின்றன, அங்கேயும் அது கெண்டை போல மளமளவென்று வளர்வதில்லை.

இன்னொரு மீன் இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. நம் விலாங்கு. ஆழ்கடலில் பிறந்து, கண்ணாடி போல உள்ளே தெரிகிற, விரல் நீளக் குஞ்சாகக் கழிமுகத்துக்கு வந்து, ஆற்றுக்குள் ஏறி, ஆறு, குளம், கிணறு என்று கிடைத்த இடத்தில் பல ஆண்டுகள் தங்கித் தின்று வளர்கிறது. நண்டு, இறால், தவளை, சிறு மீன் எதையும் விடாது. முதிர்ச்சி அடைகிற காலத்தில் உடம்பு வெள்ளியாகும், கண் பெரிதாகும், குடல் சுருங்கும். அப்போது இரை எடுப்பதை நிறுத்திவிட்டுக் கடலுக்குக் கிளம்பும். முட்டையிடுவது அங்கேதான், ஆற்றில் ஒருபோதும் இல்லை.

மீன்கள் எந்தப் பக்கம் இரை அதிகமோ அந்தப் பக்கம் வளரப் போகின்றன என்று மார்ட் கிராஸும் உடன் ஆய்வாளர்களும் 1988இல் காட்டினார்கள். குளிர் நாடுகளில் ஆற்றைவிடக் கடலில் உணவு அதிகம், அதனால் அங்கே கடலுக்குப் போய் வளர்கிற மீன்கள் அதிகம். வெப்ப நாடுகளில் பெரும்பாலும் ஆறுதான் செழிப்பு, அதனால் விலாங்கைப் போல ஆற்றுக்கு வந்து வளர்கிறவை அதிகம். வெப்பக் கடலில் இருந்துகொண்டே ஆற்றுக்கு முட்டையிட வருகிற உல்லம் அந்தப் பொது விதிக்குள் எளிதில் அடங்காத மீன். வங்காள விரிகுடாவின் ஓரக்கடலை அத்தனை ஆறுகள் ஊட்டி வளர்ப்பதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

விலாங்கிடம் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. தடுப்புக்கு மேலே உள்ள குளத்தில் வளர்ந்த விலாங்கு ஒன்று பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். கணக்கெடுக்க வருகிறவர் இந்தக் குளத்தில் விலாங்கு உண்டு என்று எழுதிக்கொள்வார். அது கடலுக்கு இறங்க முடியாவிட்டால், கீழேயிருந்து புதிய குஞ்சு ஏற முடியாவிட்டால், அந்தப் பதிவு வெறும் பெயருக்குத்தான். கடைசிக் கிழம் பிடிபடுகிற அன்று ஊரே ஆச்சரியப்படும், இத்தனை நாள் இருந்ததே, எங்கே போயிற்று என்று.

இப்போது பொறியாளர்களுக்கு. கொள்ளிடத்தில் வெள்ளம் போகிற ஒவ்வொரு ஆண்டும் ஒரு தலைப்புச் செய்தி வரும்: இத்தனை டிஎம்சி தண்ணீர் கடலில் வீணாகக் கலந்தது என்று. 2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கன அடி திறந்தபோதும் அதே பேச்சுத்தான். அந்தத் தண்ணீர், கொள்ளிடம் கடலில் சேர்கிற பழையாறு முகத்துவாரத்தில் என்ன செய்கிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். ஆற்றின் வண்டலும் அதில் கரைந்த சிலிக்காவும் நைட்ரேட்டும் கடலோரத்தில் நுண்பாசியை வளர்க்கின்றன. அதைத் தின்று கூனி பெருகுகிறது. மத்தியும் உல்லமும் இறாலும் அதில் வளர்கின்றன. அந்த மீன் நம் கரையோர மக்களின் வலையில் விழுகிறது. வெள்ளம் போன வருடத்துக்கும் போகாத வருடத்துக்கும் கடலோரத்தில் உள்ள வித்தியாசம் மீனவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்துத் தெரிய வேண்டியதில்லை. வீண் என்ற அந்தச் சொல்லை உங்கள் அறிக்கைகளிலாவது தவிர்க்கப் பாருங்கள்.

வெள்ளம் போகிற நாள்களில் மீன் கீழணைவரை வந்து முட்டி நிற்கும். ஷட்டருக்குக் கீழே நுரைத்துக்கொண்டு வரும் தண்ணீரில் மீன்கள் எகிறி எகிறி விழுவதையும், அதே இடத்தில் வீச்சு வலைகள் அடுத்தடுத்து விழுவதையும் அணைக்கரைப் பாலத்தில் போகிறவர்கள் எல்லாரும் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். வலை போடுகிறவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன், மீனை அங்கே கொண்டுவந்து குவித்தது ஷட்டர்தான். பிரான்சிஸ் டே சொன்னதும் இதையேதான்.

மீன்வழி என்றதும் சால்மனுக்குக் கட்டுகிற படிக்கட்டு நினைவுக்கு வரும். உல்லத்துக்கு அது ஒத்துவராது. சால்மன் மாதிரித் துள்ளி ஏறுகிற மீன் இல்லை இது. கூட்டமாக வரும், சட்டென்று மிரளும், அலைமோதுகிற குறுகலான தொட்டிகளுக்குள் நுழையாது. இதன் உறவான அமெரிக்க ஷாட் மீனுக்கு, கனெடிகட் ஆற்றின் ஹோலியோக் அணையில் 1955 முதல் தூக்கி வைக்கிற முறை ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். மீனை நீரோட்டத்தால் ஒரு தொட்டிக்குள் ஈர்த்து, தண்ணீரோடு அப்படியே மேலே ஏற்றி விட்டுவிடுவார்கள். கீழணை அவ்வளவு உயரமான தடுப்பு இல்லை. செங்குத்துப் பிளவுகள் வைத்த சாய்கால்வாயோ, கரையோரமாகச் சுற்றிப் போகிற, கல் பாவிய ஓடையோ போதும். எது பொருந்தும் என்பதைப் பொறியாளர்களும் மீன் ஆய்வாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். இதுவரை அப்படி உட்காராததுதான் பாதிப் பிரச்சினை.

விலாங்குக் குஞ்சுக்கு இவ்வளவுகூட வேண்டாம். ஈரமாக இருக்கிற சொரசொரப்பான எந்தச் சுவரிலும் அது நெளிந்து ஏறிவிடும். சாய்வாக ஒரு வாய்க்கால் தகடு, அதில் நெருக்கமாகப் பதித்த பிரஷ் நார்கள், மேலிருந்து மெல்லிதாகக் கசிகிற தண்ணீர், அவ்வளவுதான். ஐரோப்பிய நாடுகளில் நூற்றுக்கணக்கான தடுப்புகளில் இதை வைத்திருக்கிறார்கள். முக்கொம்பில் 2018இல் 9 மதகுகள் இடிந்த பிறகு புதிய கதவணை கட்ட 387 கோடி ரூபாய் செலவானது. ஆதனூருக்கும் குமாரமங்கலத்துக்கும் நடுவே கதவணை எழுப்ப அதைவிடவும் அதிகம். அந்தத் தொகைகளுக்குப் பக்கத்தில் விலாங்கு ஏறும் தகட்டின் விலையை எழுதிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. கடல்நீர் உள்ளே வராமல் தடுப்பது கடைமடைக்குத் தேவை, மறுக்கவில்லை. ஆனால் கடலுக்கு மிக அருகில் கட்டுகிற தடுப்புதான் ஏறி வருகிற மீனுக்கு முதல் பூட்டு. ஆகவே அங்கேதான் வழி மிகவும் அவசியம்.

ஷட்டரை இயக்குகிற விதத்திலும் செலவில்லாமல் நிறைய செய்யலாம். வெள்ளம் வடியும்போது எல்லா ஷட்டரையும் ஒரே நாளில் இறக்கிவிடுவதற்குப் பதிலாக, சில நாள்களுக்குப் படிப்படியாக இறக்கினால் ஆற்றுக்குள் இருக்கிற மீனும் குஞ்சும் மணலில் மாட்டிக்கொள்ளாமல் கீழே இறங்கும். உபரி நீர் போகிற காலத்தில் கரையை ஒட்டிய ஒரு ஷட்டரை மட்டும் தாழ்வாகத் திறந்து வைத்தால் அந்த ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டு மீன் கரையோரம் வரும். மீன்வழியின் வாயை அங்கேதான் வைக்க வேண்டும்.

மீன்வளத் துறைக்கும் கேட்க வேண்டியவை இருக்கின்றன. கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறது, நிவாரணமும் கொடுக்கிறீர்கள். உல்லம் ஆற்றில் ஏறுவது அதற்குப் பிறகு. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை, ஷட்டர்களுக்குக் கீழே குறிப்பிட்ட தூரத்துக்கு மட்டும் வலை போடத் தடை விதித்து, அங்கே தொழில் செய்கிற குடும்பங்களுக்கு அதே போல நிவாரணம் கொடுங்கள். 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே நிலைவலைகள், தடுப்புகள், வலைக்கண் அளவு பற்றி விதி செய்யும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தருகிறது. மீன்பாசி குத்தகை விடுகிறபோது ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்தாலே பாதி வேலை முடிந்தது.

வங்கதேசம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. 25 சென்டிமீட்டருக்குக் குறைவான குஞ்சை நவம்பர் முதல் ஜூன் வரை பிடிக்கக் கூடாது, அக்டோபர் வாக்கில் முட்டையிடுகிற 22 நாள்கள் முழுத் தடை, தடைக் காலத்தில் மீனவர் குடும்பங்களுக்கு அரிசி. 2000ங்களின் தொடக்கத்தில் 2 லட்சம் டன் அளவில் இருந்த உற்பத்தி 2017 வாக்கில் 5 லட்சத்தை எட்டியது. அண்மையில் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, மாசும் மணல் திட்டும் அவர்களுக்கும் சோதனைதான். கங்கையில் 1975இல் பராக்கா தடுப்பணை வந்த பிறகு, முன்பு அலகாபாத்துக்கும் மேலே போய்க்கொண்டிருந்த உல்லம் ஏறத்தாழ மறைந்தே போனது. இப்போது மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையம் தடுப்பணைக்குக் கீழே பிடித்த மீனை மேலே கொண்டுபோய் விட்டுக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், கீழணைக்கு ஒரு வருடம் இளையதான எட்வர்ட்ஸ் அணையை 1999இல் அகற்றினார்கள். அதன் தொடர்ச்சியாகத் துணையாற்றிலும் ஒரு தடுப்பை எடுத்தபின், நல்ல ஆண்டுகளில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ஏல்வைஃப் மீன்கள் ஏறி வருகின்றன. வழி கிடைத்தால் மீன் வரும், 160 ஆண்டு அடைபட்டிருந்த வழியாக இருந்தாலும்.

நம் பக்கத்தில் கோதாவரியில் ஏறி வரும் இதே மீனை ஒன்று பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்குகிறார்கள். கடலில் பிடித்தால் கிடைப்பதைப் போல அது பல மடங்கு விலை. கொள்ளிடத்திலும் மீனவர்களுக்கு அப்படியொரு வருமானம் வரலாம் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

கடைசியாக ஆய்வு. மீனின் தலைக்குள், காதுப் பகுதியில், அரிசிப் பருக்கையை ஒத்த சின்ன சுண்ணாம்புக் கல் ஒன்று இருக்கும். மீன் வளர வளர அதில் அடுக்கடுக்காகச் சுண்ணாம்பு படியும், குஞ்சுப் பருவத்தில் நாளுக்கு ஒரு அடுக்கு. நன்னீரைவிடக் கடல்நீரில் ஸ்டிரான்சியம் என்ற தனிமம் அதிகம், அது அந்தந்தக் காலத்து அடுக்கில் பதிந்துவிடும். கல்லை அறுத்துத் தேய்த்துப் பார்த்தால், அந்த மீன் எந்த வயதில் ஆற்றில் இருந்தது, எப்போது கடலுக்குப் போனது, எங்கே வேகமாக வளர்ந்தது என்பது வரிசையாகத் தெரியும். சில விலாங்குகள் ஆற்றுக்குள் ஏறாமலே கடலோரத்தில் வளர்ந்து முடிக்கின்றன என்பதை ஜப்பானியர் 1998இல் இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். உவர்நீரில் தங்குகிற விலாங்கு பெரும்பாலும் ஆற்று விலாங்கைவிட வேகமாக வளர்கிறது என்பதும் இதே வழியில் வந்த சேதிதான். நம் கொள்ளிட முகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. பழையாறு துறைமுகத்தில் ஏலம் போகிற உல்லத்திலும், அணைக்கரையில் பிடிபடுகிற விலாங்கிலும் கல் எடுத்துக் கொடுக்க உங்கள் ஆய்வாளர் ஒருவர் போதும்.

அதோடு ஆண்டறிக்கையில் உள்நாட்டு மீன் உற்பத்தி என்று ஒரே கூட்டுத்தொகை போடுகிற இடத்தில், ஆற்றிலும் நீர்த்தேக்கத்திலும் தங்கி வாழ்கிற மீனுக்கு ஒரு பத்தி, கடலுக்கும் ஆற்றுக்கும் போய் வருகிற மீனுக்கு ஒரு பத்தி என்று பிரித்துக் காட்டுங்கள். இரண்டாவது பத்தியில் பூஜ்யம் வந்தாலும் பரவாயில்லை, அச்சிடுங்கள். கொள்ளிடத்தின் ஒவ்வொரு தடுப்புக்கும் மீன்வழி உண்டா இல்லையா என்று ஒரு பட்டியலையும் உங்கள் இணையதளத்தில் போடுங்கள். அணைக்கரையில் அடுத்த முறை ஷட்டர் வேலைக்கு மதிப்பீடு தயாரிக்கும்போது விலாங்கு ஏறும் தகட்டையும் அதில் ஓர் இனமாகச் சேர்த்துவிடுங்கள். மற்ற மீன்வழிக்கான வடிவமைப்பைப் பேச மீன்வளத் துறை, நீர்வளத் துறை, பரங்கிப்பேட்டை ஆய்வாளர்கள், பழையாற்று மீனவர்கள், கீழணைப் பாசன விவசாயிகள் எல்லாரையும் இந்த வருடம் ஆடிக்கு முன்னால் ஒரு நாள் கூட்டுங்கள். இடம் அணைக்கரையாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
கொள்ளிடக் கரையில் வசிக்கும் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்